ஹப்புத்தளை விளிம்பில் 1 மணி 40 நிமிடம்

நேற்று இரவு கணினி சிமுலேட்டரில் ஹப்புத்தளை மலை விளிம்பில் 1 மணி 40 நிமிடம் உயரத்தை விடாமல் பறந்தேன். எஞ்சின் இல்லாத ஏஎஸ்கே 21 கிளைடர், தென்மேற்குக் காற்று 15 நொட், இடது இறக்கைக்குக் கீழே பெரகலை, கொஸ்லந்தைப் பக்கத்துப் பள்ளம். இதல்கஸ்ஹின்ன வரை போவதும், பள்ளத்தின் பக்கமாகத் திரும்பி வருவதுமாக எத்தனை தடவை என்று எண்ணவில்லை. 1,900 மீட்டரில் தொடங்கி, நிறுத்தும்போது 2,050 மீட்டரில் இருந்தேன். எந்த சிமுலேட்டரை வைத்துக்கொள்வது என்று மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததும் அதோடு தீர்ந்தது.

என் கணினி பழையது. 8 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் டிஜி 1001, எல்எஸ் 8 என்ற இரண்டு கிளைடர்களும் வந்தபோது ஆசைப்பட்டேன். ஆனால் அந்த 2020 பதிப்பு குறைந்தபட்சமே 150 ஜிபி இடம் கேட்கிறது. என் பேக்கேஜில் இரவு டேட்டாவை மட்டும் வைத்து அதை இறக்க முடியாது. எக்ஸ்பிளேனில் ஏஎஸ்கே 21 கூடவே வருகிறது, பறப்பும் அருமை. டெமோவில் நேரமும் இடமும் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் ஹப்புத்தளையைப் பார்க்க வழியில்லை. மிஞ்சியவை இரண்டு: காசில்லாத ஃபிளைட்கியர், பதுளையில் நண்பன் வீட்டில் இருக்கும், கிளைடருக்கென்றே செய்த கொண்டோர்.

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் முக்கியம். ஜூன், ஜூலையில் இந்த விளிம்பில் பருந்து ஒரு தடவைகூட இறக்கை அடிக்காமல் தேயிலை மலைக்கு மேல் நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது நிற்கிற அதே இடத்தில், அதே காற்றில் என் கிளைடரும் நிற்க வேண்டும்.

ஃபிளைட்கியரில் முதல் முயற்சி 12 நிமிடம். கொஸ்லந்தைப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டேன். இரண்டாவது 9 நிமிடம். இலவசமாகக் கிடைப்பதில் காற்று இப்படித்தான் இருக்கும் போல என்று அதன் தலையில் பழியைப் போட்டேன். பிறகு பதுளைக்குப் போய் கொண்டோரில் ஸ்லோவேனியா மலைகளில் பறந்தேன். காற்று என்றால் அதுதான் காற்று! வெயில் படுகிற சரிவில் தெர்மல் என்கிற சூட்டுக் காற்று எழுவதும், காற்றோடு சாய்வதும் நம்பவே முடியாத அளவுக்கு இயல்பு. ஆனால் அங்கேயும் இரண்டு வட்டத்துக்குள் தெர்மலைத் தவறவிட்டுக் கீழே வந்தேன். நான் கொண்டுபோனது என் ஜாய்ஸ்டிக்கைத்தான். இரண்டு சிமுலேட்டரிலும் ஒரே மாதிரி விழுந்தால் குறை சிமுலேட்டரில் இல்லை. ஜாய்ஸ்டிக்கின் முறுக்குப் பிடியில் இருந்தது.

கையை எடுத்துவிட்டு அளவைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே ரட்டர் (வால் சுக்கான்) எண் 480க்கும் 560க்கும் இடையில் துள்ளியது. உள்ளே பிடியின் திருப்பத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தது. கிளைடரில் இது சாதாரண விஷயம் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில் 45 பாகை சாய்ந்து சுற்றினால் ஒரு வட்டம் 16 செக்கன், ஆரம் 64 மீட்டர். அந்த 16 செக்கனும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டக் கண்ணாடியில் ஒட்டிய கம்பளி நூல் நேராக நிற்க வேண்டும். நூலின் வால் இடப்பக்கம் போனால் ரட்டர் பெடலில் வலது கால், வலப்பக்கம் போனால் இடது கால். என் நூலோ தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. கிளைடரின் உடம்பு பக்கவாட்டில் சறுக்கினால் இழுவை கூடும். ஏஎஸ்கே 21இன் குறைந்த இறக்கமே செக்கனுக்கு 0.7 மீட்டர் அளவு. காற்று கொடுப்பதையெல்லாம் அந்தச் சறுக்கல் தின்றுவிட்டது.

சரி, பெடல் செய்துவிடுவோம் என்று பண்டாரவளையில் தச்சுப் பட்டறைக்குப் போனேன்.

"தையல் மெசினுக்கு ரெண்டு மிதி எதுக்கு தம்பி?"

"ஒன்னு முன்னால போனா மத்தது பின்னால வரணும் அண்ணே."

"அப்ப அது தராசு."

அந்த ஒரு சொல்லில் தச்சர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒரு போல்ட், குறுக்கே ஒரு கட்டை, இரண்டு முனையிலும் மிதி. இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். கட்டையின் நடுத்துளைக்குள் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை அவராகவே இறுக்கியிருந்தார். இன்றுவரை ஒரு கிரீச் சத்தம் இல்லை.

மரவேலையை விட சென்சர்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கணினிக்கு எண்ணை அனுப்பும் ஆர்டுயினோ லியோனார்டோ போர்டும், காந்தப்புலத்தை அளக்கும் 49இ ஹோல் சென்சரும் கொழும்பிலிருந்து தபாலில் வந்தன. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதன் காந்தத்தை வைத்தேன். எண்கள் தாறுமாறு. ஒரு மாலை முழுக்க வீணான பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தக் காந்தத்தின் ஒரே முகத்தில் வடமுனையும் தென்முனையும் இருக்கின்றன. பிறகு ஃபோன் கவர் மூடியிலிருந்த வட்டக் காந்தம் ஒன்றை சென்சருக்கு நேரே கிட்டவும் எட்டவும் போகிற மாதிரி வைத்தேன். எட்ட இருக்கும்போது அசைவே தெரியவில்லை, கிட்ட வந்ததும் ஒரேயடியாகப் பாய்ந்தது. தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் சட்டென்று விழுந்துவிடுவதால் அப்படித்தான் நடக்கும்.

கடைசியில் சரிவந்த முறை இது. இரண்டு காந்தங்களை 2 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையைப் பார்க்க, கட்டையின் சுழல் போல்ட்டோடு திரும்புகிற மாதிரி ஒட்டினேன். சென்சர் நடுவில் அசையாமல் நிற்கும். பெடல் நடுவில் இருக்கும்போது சென்சரின் விளிம்புதான் காந்தங்களைப் பார்க்க வேண்டும், முகம் அல்ல. அப்போது 2.5 வோல்ட் வரும். இரண்டு பக்கமும் 25 பாகை வரை கால் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு சீராக எண் ஏறுகிறது. காலை எடுத்தால் 510க்கும் 514க்கும் இடையில் நிற்கிறது. அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகு பறந்ததுதான் நேற்றைய 1 மணி 40 நிமிடம். ஃபிளைட்கியர் காற்று வரும் திசையில் சில இடங்களில் நில உயரத்தைப் பார்த்துச் சரிவைக் கணக்கிட்டு மேலெழும் காற்றைத் தருகிறது. அதனால் விளிம்பிலிருந்து பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் தள்ளினாலும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோ ஊசி கீழே விழுகிறது. நிஜத்திலும் அந்தப் பக்கம் அப்படித்தான்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நில உருவம் மழுங்கலாக இருக்கிறது. ஹோட்டன் சமவெளியின் 'உலக முடிவு' பாறையில் சுமார் 870 மீட்டர் செங்குத்து இறக்கம், திரையில் அது சாதாரண மேட்டுச் சரிவு. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த 30 மீட்டர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து ஹோட்டன் சமவெளி முதல் நமுனுகுல வரை நானே நிலம் கட்டலாம் என்று பார்க்கிறேன். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் இறங்கும்போது இந்தப் பக்கம் கிளைடரைத் தூக்கும் காற்றலை எழுமா என்று தேடுவதற்கும் அது வேண்டும்.

இப்போதைக்கு முடிவு: சொந்த மலைக்கு ஃபிளைட்கியர். தெர்மல் படிக்கக் கொண்டோர், அடுத்த போனஸில் வாங்குவேன். அதற்கு முன் யூபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும். ஒக்டோபர் இடி தொடங்கினால் பின்னேரம் கரண்ட் போய்விடும். இடது பெடலின் ஸ்பிரிங்கும் வலதை விட இளகலாக இருக்கிறது. சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன்.