தன்னெரோன் மலையில் சீகை பூத்திருந்தது

தெற்கு பிரான்சில், மான்டெலியூ என்ற ஊரிலிருந்து தன்னெரோன் மலைக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் எதிர்க்குன்று முழுக்க மஞ்சள். ஆவலோடு வண்டியின் கண்ணாடியை இறக்கினேன். வாசனை வரவில்லை. கண்ணுக்கு அவ்வளவு ஆரவாரமாகத் தெரிகிற மரம் மூக்குக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

இறங்கி ஒரு மரத்தடியில் சும்மா நின்றேன். காற்று அடங்கிய பிறகுதான் வந்தது. முதலில் தேன், அதன் பின்னால் முகப்பவுடர் போல ஒரு பொடித்தன்மை, அடியில் வெள்ளரிக்காயை நறுக்கிய பச்சை வாடை. மல்லிகை நம்மைத் தேடி வந்து பிடித்துக்கொள்ளும்; இந்தப் பூவுக்காக நாம்தான் காத்து நிற்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பே பிடித்துப்போனது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை மிமோசா என்கிறார்கள். தாவரவியலில் அந்தப் பெயர் நம் தொட்டாச்சிணுங்கியின் இனத்துக்கு உரியது. இதுவோ அக்கேசியா. இறகு போன்ற வெள்ளி படர்ந்த இலையைக் கையில் எடுத்தபோதுதான் திடுக்கிட்டேன். நீலகிரியில் சீகை என்றும் வாட்டில் என்றும் சொல்கிறோமே, அதே மரம்! ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இரண்டு இடங்களுக்கும் கொண்டுவந்தார்கள். அங்கே விறகுக்காக, இங்கே கடற்கரை மாளிகைகளின் தோட்டங்களுக்காக. அங்கே சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கும் களை என்று வெட்டுகிறோம், அது சரியும்கூட. இங்கேயும் இது கட்டுக்கு அடங்கிய மரம் அல்ல. காட்டுத்தீக்குப் பிறகு வேரிலிருந்து மறுபடி முளைத்துப் பரவிவிடுகிறது. ஆனாலும் போர்ம் என்ற ஊர் 1968இல் தன் பெயரோடு மிமோசாவைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து கிராஸ் என்ற நகரம் வரையிலான 130 கிலோமீட்டர் சாலைக்கும் இந்தப் பூவின் பெயர்தான்.

உதகைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூட சீகைப் பூவை முகர்ந்து பார்த்ததில்லை. இதை எழுதும்போது மனம் உறுத்துகிறது.

பூ விற்பனைக்காக வளர்ப்பவர்கள் கிளைகளை மொட்டாகவே வெட்டி, 22 முதல் 25 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பூக்க வைக்கிறார்கள். வெளிக்காற்றில் அந்த மஞ்சள் உருண்டைகள் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும் என்பதால் இத்தனை பாடு.

அடுத்த நாள் கிராஸ். வாசனைத் தொழிலே இந்த மலை நகரத்தின் பிழைப்பு. முன்பு தோல் பதனிட்ட ஊர். கையுறைகளின் நாற்றத்தை மறைக்கப் பூமணம் ஏற்றப் போய், கடைசியில் மணமே தொழிலாகிவிட்டது. இந்த வட்டாரத்தின் வாசனைக் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மிமோசாவை ரோஜாவைப் போல நீராவியில் வடிப்பதில்லை. பூவையும் இளங்கொம்பையும் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் கான்கிரீட் எனப்படும் மெழுகு போன்ற பொருள் மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி நீக்கினால் கிடைக்கும் செறிந்த வாசனைச் சாறுதான் அப்சல்யூட். வாசனை அமைப்பவர்கள் பலர் அதோடு ஹீலியோட்ரோப்பின், அனிசிக் ஆல்டிஹைடு, வயலெட் மணம் தரும் அயோனோன்கள் ஆகிய மணப்பொருள்களையும் சேர்த்து அந்தப் பொடித்தன்மையைக் கூட்டுகிறார்கள்.

அப்சல்யூட்டில் தோய்த்த தாள் ஒன்றை முகரக் கொடுத்தார்கள். ஏமாந்துபோனேன். வைக்கோலும் தேன்மெழுகும்தான் கனமாக அடித்தன. குன்று அதில் இல்லை. கொஞ்ச நேரம் ஆற விடுங்கள் என்றார் அங்கிருந்த பெண்மணி. தாளைக் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மாலை கடற்கரை நகரான கானுக்குத் திரும்பும் ரயிலில் குறிப்பேட்டைத் திறந்தேன். வைக்கோல் போயிருந்தது. தேன் இருந்தது, பொடி இருந்தது. ரயில் கடற்கரையை அடையும் வரை நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை.