ஆறு கிலோ நெத்திலி

எங்கள் வீட்டில் ஆறு கிலோ நெத்திலிக் கருவாடு காணாமல் போய் நான்கு நாளாகிறது. காணாமல் போகவே இல்லை என்பது நேற்று ராத்திரிதான் தெரிந்தது. அதுவரை நான்தான் திருடன்.

அப்பா எடை போட்டு நோட்டில் எழுதிவைத்துவிட்டு, போட்டைக் கரையேற்றி மராமத்துப் பார்க்க மண்டபம் போய்விட்டார். போனைக் கையில் எடுத்தால்தானே! வியாபாரி வந்தார், 61 கிலோவுக்குக் காசு கொடுத்தார், போனார். அம்மா நோட்டைப் பார்த்தாள். 67.

"எவன் தின்னான்னு எனக்குத் தெரியாது. ஆனா தின்னாச்சு." சொன்னது சுவரிடம், பார்த்தது என் தட்டை. ஆறு கிலோ கருவாட்டை ஒருத்தன் தின்றிருந்தால் வீட்டில் ஒரு குடம் தண்ணீராவது மிஞ்சியிருக்குமா? அதெல்லாம் அந்தக் கோர்ட்டில் எடுபடாது.

அக்கா மகன் கல்லூரியில் கணக்குப் படிக்கிறான். "அம்மாச்சி, நீ லூகா மாதிரி" என்றான். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இது எதாலும் வகுபடாத பகா எண் என்று மெர்சென் என்கிற பிரெஞ்சுத் துறவி 1644இல் எழுதிவைத்தார். 1876இல் லூகா என்பவர், இது வகுபடும் என்று நிரூபித்தார். எதால் என்று மட்டும் அவருக்கும் தெரியாது. 1903இல் கோல் என்கிற அமெரிக்கர் மேடையேறி, 193707721ஐ 761838257287ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம்.

"பேசாமயா? பாவம், வாய் வராதா அவருக்கு?" அம்மாவுக்கு உண்மையாகவே கவலை.

இவன் விடவில்லை. மெர்சென் தன் பட்டியலில் 61ஐ விட்டுவிட்டாராம். 61 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதுதான் அசல் பகா எண்; அதை 1883இல் நிரூபித்தவர் ஒரு ரஷ்யப் பாதிரியார். துறவி 61 என்று எழுதியதுதான் 67 ஆகிவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டாம்.

சோற்றுக் கையோடு எழுந்தேன்.

அடுப்படிச் சுவரில் அப்பா கரிக்கட்டையால் எழுதியது இருக்கிறது: 'தடை 61 நாள்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. போட்டு கடலுக்குப் போகாத நாளை எவன் கூட்டி வாசிப்பான்? நோட்டைப் பக்கத்தில் பிடித்தேன். அதே 6. அதே 1, கொக்கு மூக்கை நீட்டின மாதிரி தலையில் ஒரு வளைவோடு.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொரித்த நெத்திலி இன்னொரு கை என் தட்டில் விழுந்தது. எங்கள் வீட்டில் தீர்ப்பை மாற்றி எழுதுவது அப்படித்தான்.

இன்று காலை அப்பா வந்துவிட்டார். இனிமேல் 1ஐ வெறும் கோடாகத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. சரி என்று தலையாட்டி, உப்புக் கணக்கை எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். 11 மூடை.

கொஞ்ச நேரத்தில் அம்மா நோட்டோடு வந்தாள்.

"ரெண்டு கோடு போட்டிருக்காரு. ரெண்டு மூடைக்கா இம்புட்டுக் காசு? மிச்ச உப்பை எவன் தின்னான்?"

கேட்டது சுவரிடம்தான்.