1989 ஜனவரியில் இரட்டை இலை கிடையாது

அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, ‘யாரு நடிக்கிறா?’ நடிகர் கிடைத்துவிடுவார். அதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு கனமான லாங் சைஸ் நோட்டு.

எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா காலத்தில் நடக்கும் ஒரு படத்துக்கு ஆதாரம் திரட்டும் வேலையையும் உதவி இயக்கத்தையும் சேர்த்துப் பார்த்த குழு நாங்கள். படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அடுத்து இதில் இறங்குகிறவர்கள் எங்கெங்கே இடறுவார்கள் என்பது மட்டும்.

நோட்டில் ஐந்து பத்தி. காட்சி எண், நடந்த நாள், காட்சி சொல்லும் தகவல், அதற்கான ஆதாரம், ஆதாரத்தின் தரம். தரத்துக்கு நான்கு எழுத்து வைத்துக்கொண்டோம். நீதிமன்றத் தீர்ப்பு, சட்டப்பேரவைக் குறிப்பு, அரசாணை என்றால் ‘அ’. அன்றைய நாளிதழ், தலைவரே எழுதியது, அவரே கொடுத்த பேட்டி என்றால் ‘ஆ’. கூட இருந்தவர் பின்னாளில் சொன்னது ‘இ’. நாமாகக் கட்டியது ‘ஈ’. முதல் வரைவை இப்படிப் பிரித்தால் பக்கமெல்லாம் ‘ஈ’ மொய்க்கும். பயப்பட வேண்டாம், எல்லாப் படத்திலும் அப்படித்தான். அம்மாவும் மகளும் சமையலறையில் பேசுவதை யாரும் குறிப்பெடுத்து வைப்பதில்லை. ‘ஈ’ காட்சியில் உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் குற்றம் விழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். விழுந்தால் அந்தக் காட்சி வேண்டாம்.

இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொண்டால் இது புரியும். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டது. படிக்கும்போது பயங்கரமான காட்சி, எடுப்பதற்குப் பாதுகாப்பான காட்சி. வழக்கு நடந்தது, தண்டனை வந்தது, மேல்முறையீடும் ஆனது. எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது. அசல் ‘அ’.

1989 மார்ச் 25 அப்படியில்லை. பட்ஜெட் நாள். நிதித்துறையையும் தன்னிடம் வைத்திருந்த முதல்வர் கருணாநிதி பட்ஜெட்டைப் படிக்கிறார். ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவர். சபையில் கைகலப்பு நடந்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்பது ஒரு தரப்பு. அப்படி நடக்கவே இல்லை என்பது மறு தரப்பு. 2023 ஆகஸ்டில் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் இதைப் பேச, மு.க. ஸ்டாலின் மறுத்தார். முப்பத்து நான்கு வருடம் கழித்தும் சூடு ஆறவில்லை.

இந்தக் காட்சியைத்தான் எல்லா இயக்குநரும் இடைவேளைக்கு முந்தைய காட்சியாக வைக்க ஆசைப்படுவார்கள். சேலை முந்தானையில் ஒரு கை, குளோஸ்-அப். அந்த ஒரு ஷாட்தான் வழக்கு. கை என்றால் அது யாருடைய கை? சட்டை, மோதிரம், கடிகாரம், ஏதோ ஒன்று வைத்து ஒரு ஆளை அடையாளம் சொல்லிவிடுவார்கள். பத்திரிகையாளர் மாடத்து உயரத்தில் கேமராவை வைத்து, நீள லென்ஸில், நடுவில் தலைகள் மறைக்க எடுங்கள். காகிதம் பறப்பதும் சத்தமும் போதும். அடுத்து ஜெயலலிதா வெளியே வந்து பேசுவது. அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு மறுநாள் பேப்பர் இருக்கிறது, அது ‘ஆ’. ‘நடந்தது’ என்று படம் சொல்லவில்லை, ‘அவர் சொன்னார்’ என்றுதான் சொல்கிறது. மறு தரப்பின் மறுப்புக்கும் படத்துக்குள்ளேயே ஒரு வரி இடம் கொடுங்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு. மேலிருந்து பார்க்கும் ஷாட்தான் அதிகம் பதறவைக்கிறது என்பது எங்கள் எண்ணம். இயக்குநர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டத்தில் பிடிமானம் 1994-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ராஜகோபால் தீர்ப்பு. நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய வழக்கு. பொது ஆவணத்தில் இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம். அதைத் தாண்டினால் பொறுப்பு வெளியிட்டவர் தலையில். எங்கள் நோட்டில் ‘அ’ முதலில் நிற்பதற்குக் காரணம் இதுதான். மறைந்தவரின் வாரிசு தனியுரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயலலிதா பற்றிய ‘தலைவி’ படத்தின் வழக்கே விடை. ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை தரவில்லை. 2021 ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடி. ஒருவரின் தனியுரிமை அவர் இறப்போடு முடிகிறது, வாரிசுச் சொத்தாக இறங்காது என்பது அதன் சாரம். அதற்காகக் கண்டபடி எழுதிவிடலாம் என்று இல்லை. இறந்தவரைப் பற்றிப் பேசி உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறுக் குற்றமாகலாம். பழைய சட்டத்தில் பிரிவு 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356.

பெயரை மாற்றினால் தப்பிக்கலாமே என்று தயாரிப்புத் தரப்பில் ஒருவராவது கேட்பார். 1997-இல் வந்த ‘இருவர்’ ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்ற பெயர்களோடுதான் வந்தது. ஆனால் 2019-இல் ‘குயின்’ தொடரில் நாயகிக்குச் சக்தி சேஷாத்ரி என்று பெயர் வைத்தும், அதே தீபா வழக்கில் அதுவும் சேர்ந்தே நின்றது. பெயர் மாற்றம் காட்சிகளில் கை கால் நீட்ட இடம் கொடுக்கும். நோட்டீஸை நிறுத்தாது. இன்னொரு கோளாறு, போஸ்டரில் நிஜத் தலைவர் முகம், படத் தொடக்கத்தில் ‘யாவும் கற்பனையே’. இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டுமே எதிர்த் தரப்புக்குத்தான் உதவும். கற்பனை கலந்தது என்றால் எங்கே கலந்தது என்பதைச் சொல்லுங்கள்: ‘உரையாடல்களும் சில துணைப் பாத்திரங்களும் கற்பனை.’

டீசருக்கு ஒரு வாரம் முன்பே நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டுவிடுங்கள். அது தடை வராமல் காக்காது; நம்மைக் கேட்காமல் தடை கொடுப்பதைத்தான் நிறுத்தும். ஆயுள் 90 நாள். டீசருக்குப் போட்டுவிட்டு ரிலீஸ் தள்ளிப்போனதும் புதுப்பிக்க மறப்பது வழக்கமான தவறு.

இனி நடிப்பு. எம்.ஜி.ஆரைப் பொறுத்தவரை சிக்கல் முகத்தில் இல்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பாதி வேலையை முடித்துவிடும். (1967 தேர்தலில் தொப்பி கிடையாது. அப்போது பார்க்க வேண்டியது கழுத்துக் கட்டு.) சிக்கல் குரலில். அவருக்கு மூன்று குரல்: குண்டு படுவதற்கு முன், பட்ட பின், 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்த பின். மிமிக்ரி மேடைகள் நம் காதில் ஏற்றிவைத்திருப்பது இரண்டாவதை. நடிகரும் அதையே பிடித்துக்கொண்டு 1965 காட்சியிலும் பேசுவார், செட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். 1965-இன் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யையும் 1969-இன் ‘அடிமைப் பெண்’ணையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். டப்பிங்கை ரீல் வரிசையில் செய்யாமல் குரல் வரிசையில் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று குரலுக்கும் தாவினால் மூன்றும் குழம்பும்.

முகத்தில் ஒட்டும் பிராஸ்தெடிக் ஒப்பனை பற்றி ஒன்றே ஒன்று. சிலிகான் துண்டு ஒருநாள் கூத்து, கழற்றினால் ஓரம் கிழியும், மறுநாளுக்குப் புதிது வேண்டும். நம் ஊர் வெயிலில் மேலுதட்டு ஓரம்தான் முதலில் தூக்கும். பொதுக்கூட்டக் காட்சிகளை மாலைக்கு மேல் வைத்தால் துண்டும் மிஞ்சும், மின்விளக்கு வெளிச்சத்தில் கூட்டமும் அதிகமாகத் தெரியும்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டில்தான் நாங்கள் மிக அதிகமாகத் திருத்தினோம். 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. போடிநாயக்கனூர் பிரசாரக் காட்சிக்குச் சுவரில் இரட்டை இலை வரைந்துவிட்டால் முதல் ஷோவிலேயே கட்சிக்காரர் கண்டுபிடிப்பார். அதுபோல 1972 அக்டோபருக்கு முன் அண்ணா உருவம் போட்ட கொடி கிடையாது. 1969 ஜனவரிக்கு முன் மாநிலத்தின் சட்டப்படியான பெயர் தமிழ்நாடு கிடையாது. ஃப்ளெக்ஸ் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிடையவே கிடையாது. துணியும் கையால் வரைந்த கட்-அவுட்டும்தான்.

யாரும் யோசிக்காத ஒன்று, எழுத்து. எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 அக்டோபரில். அதற்கு முந்தைய சுவரெழுத்தில் லை, ளை, னை, ணை நான்கும் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ணா, றா, னா சுழித்து வரவேண்டும். கணினியில் அடித்து ஸ்டென்சில் எடுத்தால் 1967 சுவரில் 2020-களின் எழுத்து வந்து உட்காரும். பழைய வாக்காளர் நோட்டீஸ் ஒன்றை பெரிதாக நகலெடுத்து, கையால் எழுதும் பெயின்டரிடம் கொடுங்கள். இதிலும் ஒரு விதிவிலக்கு: ‘விடுதலை’ நாளிதழ் பெரியாரின் சீர்திருத்த எழுத்துக்கு 1935-லேயே மாறிவிட்டது. டீக்கடைக் காட்சியில் 1967 ‘விடுதலை’ வைத்தால் அதற்குப் புது எழுத்துதான் சரி. அதைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல ஒருவர் வருவார், சொல்லட்டும்.

சென்சார். தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமான் தளத்தில் கதைச் சுருக்கம், முழு வசனப் பிரதி, பாடல் வரிகள், டைட்டில் பதிவுச் சான்று, விலங்கு இருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். ஊர்வலத்தில் ஓரமாக நடக்கும் மாட்டுவண்டியும் விலங்குக் கணக்குதான். புகையிலை எச்சரிக்கை சிகரெட்டுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அண்ணாவைக் காட்டினால் மூக்குப்பொடியைக் காட்டாமல் இருக்க முடியுமா? அந்த ஷாட்டுக்கும் கீழே எச்சரிக்கை வரி வேண்டும், அதோடு தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுத் துண்டும் சேரும்.

பரிசீலனைக் குழு படம் பார்த்த பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கேதான் நோட்டு வேலை செய்யும். 1952 திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவில் அவதூறும் பொது ஒழுங்கும் இருப்பதால், அரசியல் படத்தில் கேள்வி ‘இது எங்கே இருக்கிறது?’ என்றுதான் வரும். இந்திரா காந்தி காலத்தைச் சொன்ன ‘எமர்ஜென்சி’யில் நிக்சன், சர்ச்சில் சொன்னதாக வரும் வரிகளுக்குக்கூட ஆதாரம் கேட்டார்கள். 2024 செப்டம்பர் 6-க்கு அறிவித்த படம் 2025 ஜனவரி 17-இல்தான் வந்தது. ‘இணையத்தில் பார்த்தோம்’ என்ற பதில் எடுபடாது. நாளிதழின் பெயர், தேதி, பக்கம், நகல். எண்களுக்கும் அப்படியே. ‘ஆயிரக்கணக்கானோர்’ என்ற வசனம் தப்பிக்கும், ‘4,000 பேர்’ மாட்டும்.

முடிவில் ஒப்புதல் இல்லையென்றால் மறுபரிசீலனைக் குழு. அதற்கும் மேல் முன்பு தீர்ப்பாயம் இருந்தது, 2021 ஏப்ரலில் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம். அதற்கான நாட்களையும் செலவையும் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். தேர்தல் தேதியையும் பார்க்க வேண்டும். பிரதமர் மோடி பற்றிய படம் 2019 ஏப்ரல் 11-க்கு வரவிருந்தது. முந்தைய நாள் தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது, வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் மே 24-இல்தான் வெளியானது. தியேட்டர் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு ஷரத்து இல்லாவிட்டால் முன்பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் நோட்டு தேவைப்படும். படம் ஓடும்போது ஒரு தரப்பு வந்து ‘அந்த வசனத்தை எடுங்க’ என்று கேட்கும், தயாரிப்பாளரும் சரி என்று தலையாட்டிவிடுவார். எடிட்டர் தானாகக் கத்தரி வைக்கக்கூடாது. எந்த இடம், எத்தனை வினாடி, வெட்டா மியூட்டா என்று வாரியத்துக்கு எழுதி ஏற்பு வாங்கிய பின்தான் மாற்ற வேண்டும். தெலுங்கும் இந்தியும் இருந்தால் அந்தப் பதிப்புகளையும் மறக்கக்கூடாது.