ஆறாவது படுக்கை

சென்ற கூட்டத்தில் எங்கள் கதைக் குழுவைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் தம் சிறுகதையின் திருத்திய வடிவத்தை வாசித்தார். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன், அதே கதையின் முதல் வடிவத்துக்கு நான் இழைத்த தவறைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல, எங்கள் குழு நடக்கும் விதத்தையும் சற்று விளக்க வேண்டும்.

நாங்கள் ஏழு பேர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நால்வராகத் தொடங்கினோம். ஒரு கட்டத்தில் பதினொருவர் ஆனபோது, ஒருவருடைய கதைக்கு முறை வர மூன்று மாதம் காத்திருக்க நேர்ந்தது. பேசுவதற்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது என்றாகிவிட்டது. வேலை மாற்றம், பிள்ளைப்பேறு, உடல்நலக் குறைவு என்று சிலர் விலகி எண்ணிக்கை ஏழில் வந்து நின்றதும், இனிமேல் கூட்டிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தோம். யாருக்கும் எழுத்து வயிற்றுப்பாடு இல்லை. இருவருடைய தொகுப்புகள் வெளிவந்திருக்கின்றன. மற்றவர்கள் இதழ்களில் ஒன்றிரண்டு கதைகள் எழுதியவர்கள், அல்லது இனிமேல்தான் எழுதப்போகிறவர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு கதைகள். 3,000 சொற்களைத் தாண்டும் கதையைப் பிரித்துத் தர வேண்டும். 5 நாட்களுக்கு முன்பே பிரதி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கூட்டத்தில், எழுதியவர் முதல் பக்கத்தை மட்டும் உரக்க வாசிப்பார். பிறகு வட்டமாகச் சுற்றி ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவோம். பேசுகிறவரை மற்றவர்கள் இடைமறிக்கக் கூடாது; எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இது நாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மில்ஃபோர்டு என்ற ஊரில், டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடி நடத்திய பட்டறையிலிருந்து பரவிய முறை இது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் இதையே எடுத்துக்கொண்டது. இன்று எத்தனையோ நாடுகளில், எத்தனையோ சிறு குழுக்கள், பெயர்கூடத் தெரியாமல் இதையே பின்பற்றுகின்றன.

எழுதியவர் பேசாமல் இருக்க வேண்டும் என்ற விதி முதலில் கொடுமையாகத் தோன்றும். “அதுதான் அடுத்த பத்தியிலேயே வருகிறதே” என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் அச்சில் வந்த பிறகு கதை தனியாகத்தான் போகிறது. வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல நம்மால் முடியாது. அந்தத் தனிமையை முன்கூட்டியே பழகிக்கொள்ளும் இடமாக அந்த இருபது நிமிட மௌனத்தை நான் மதிக்கிறேன்.

பேசுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது, எந்த இடத்தில் கதையிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள், எந்த இடத்தில் உங்களை மறந்தீர்கள் என்பதைத்தான். இதில் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. மூன்று பேர் ஒரே பத்தியைக் காட்டி, மூன்று வெவ்வேறு காரணம் சொல்வார்கள். ஒருவர் உரையாடல் செயற்கை என்பார், இன்னொருவர் வேகம் போதவில்லை என்பார், மூன்றாமவர் அந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை என்பார். பெரும்பாலும் மூவர் சொல்லும் காரணமும் பொருந்தாது. ஆனால் மூவரும் தடுக்கி விழுந்தது உண்மை. கல் அந்தப் பத்தியில் இருக்காது. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ முன்னால், எழுதியவர் சொல்ல மறந்துவிட்ட ஏதோ ஒன்றாக அது கிடக்கும்.

ஓர் உதாரணம். எங்களில் மூத்தவரை எல்லோரும் ஐயா என்றுதான் அழைப்போம். நினைவு மங்கிவரும் தந்தையைப் பார்க்க மகன் வருகிற கதை ஒன்றை அவர் எழுதியிருந்தார். “அப்பா கதவைத் திறந்தார். அவர் கண்களில் இனம்புரியாத சோகம் தெரிந்தது” என்று ஓரிடத்தில் வந்தது. நால்வர் அந்த வரியில் பென்சிலால் சுழித்திருந்தோம். சோகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்றோம். அவர் இரண்டு வாரம் யோசித்து, அந்த வரியைத் தொடாமல், அதற்கு முந்தைய பக்கத்தில் தந்தையின் பழைய நாட்களைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தார்: பள்ளிக்குக் கிளம்பும் மகனை வாசலில் நிறுத்தி, சட்டைப் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புவார். அதைச் சேர்த்ததும் சோகம் தானாகவே வேண்டாததாகிவிட்டது. கதவு திறக்கிறது, தந்தையின் சட்டையில் முதல் பொத்தான் இரண்டாவது துளையில் மாட்டியிருக்கிறது, மகனின் கை மேலே எழுந்து, பாதியில் நின்று, கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். அந்தக் கையை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் இடத்தைக் காட்டினோம். கல்லைக் கண்டெடுத்தது அவர்.

உரக்க வாசிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் கதை எழுதுகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன். விவரிப்பு எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் நடக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் காதுக்குத் தெரியும். “வந்துட்டேன்” என்று பேசும் பாத்திரம் அடுத்த வரியிலேயே “சொல்லிவிட்டேன்” என்றால், எழுதியவர் தாமே வாசிக்கும்போது குரல் அந்த இடத்தில் தயங்கும். “என்றான்”, “என்றாள்” ஆகியவை எத்தனை முறை வருகின்றன என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

இனி என் தவறு. அந்தச் செவிலியர் குழுவில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பிறருடைய கதைகளைப் பற்றி மிகக் குறைவாக, மிகச் சரியாகப் பேசுவார். தம்முடைய கதையை முதல்முறையாகத் தந்தார். ஒரு மருத்துவமனை வார்டில் இரவுப் பணி. பத்து மணிக்கு ஒரு செவிலியர் ஒவ்வொரு படுக்கையாகப் போகிறார்: பெயர், வயது, காய்ச்சலின் அளவு, நாடித்துடிப்பு, குளுக்கோஸ் இறங்கும் வேகம், நோயாளி எந்தப் பக்கமாக ஒருக்களித்துத் தூங்குகிறார் என்பது. இப்படி எட்டுப் படுக்கைகள், இரண்டரைப் பக்கம். பின்னிரவில் மறுபடியும் அதே சுற்று. ஆறாவது படுக்கை காலியாக இருக்கிறது. கதை அங்கிருந்து தொடர்கிறது.

நான் அந்தப் பிரதியில் இருபத்து மூன்று குறிப்புகள் எழுதிக்கொண்டு போனேன். என் முறை வந்ததும், கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்றேன். முதல் இரண்டரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, காலிப் படுக்கையில் ஆரம்பிக்க வேண்டும் என்றேன். அத்துடன் நிறுத்தவில்லை. அவருடைய தொடக்கத்தை நானே திருத்தி எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து வாசித்தேன். நல்ல வாக்கியங்கள் அவை, சந்தேகமில்லை. என்னுடைய வாக்கியங்கள். மூன்று நிமிடத்தை மீறி ஆறு நிமிடம் பேசினேன், யாரும் தடுக்கவில்லை. விதிப்படி அவர் பேசாமல் இருந்தார். கடைசியில் அவருடைய முறை வந்தபோது, “நன்றி, எழுதிக்கொண்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு ஐந்து மாதம் அவர் எதையும் தரவில்லை. கூட்டத்துக்கு வந்தார், மற்றவர்களுடைய பிரதிகளைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தார், தம் முறை வரும்போது, இந்த முறை வேண்டாம் என்று அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு அது உடனே உறைக்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வேலைப்பளு என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். ஒருநாள் கூட்டம் முடிந்து நடந்துகொண்டிருந்தபோது ஐயா என்னிடம் சொன்னார்: “நீங்க அன்னைக்குச் சொன்னது எல்லாம் சரிதாம்மா. ஆனா அது நீங்க எழுதப்போற கதைக்குச் சரி. அவங்க எழுதினது வேற கதை.”

அன்று இரவு அந்தப் பிரதியைத் தேடி எடுத்து மீண்டும் படித்தேன். இரண்டரைப் பக்கத்தை எனக்குப் பழக்கமான கதைகளின் அளவுகோலால் அளந்திருக்கிறேன் என்பது புரிந்தது. சுருக்கமாகத் தொடங்கி, முதல் வரியிலேயே ஒரு வெறுமையைக் காட்டி வாசகரைப் பிடித்துக்கொள்ளும் கதைகளைத்தான் நான் எழுதுவேன். பிறரும் அதையே எழுத முயன்று தோற்றிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். அவர் எதற்காக எட்டுப் படுக்கைகளையும் எண்ணினார் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த இருபத்து மூன்று குறிப்புகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்காது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1930களிலும் 1940களிலும் கூடிய இங்க்ளிங்ஸ் என்ற நண்பர் குழுவைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னைத் தைத்தது. எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் வியாழன் மாலைகளில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். அவருடைய நண்பர் டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற தம் பெருங்கதையை அத்தியாயம் அத்தியாயமாக அங்கேதான் வாசித்தார். ஹியூகோ டைசன் என்ற நண்பருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டுவார். பிற்பாடு அவர் வந்திருக்கும் மாலைகளில் டோல்கீன் வாசிப்பதில்லை என்றாகிவிட்டது. லூயிஸ் போன்றவர்கள் விடாமல் ஊக்கப்படுத்தியதால் அந்தக் கதை முடிந்து, 1954லும் 1955லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. டைசன் கெட்ட மனிதர் இல்லை. நல்ல அறிஞர், நல்ல நண்பர். இருந்தாலும் ஒருவருடைய அலுப்பு போதும், ஓர் அறையில் வாசிப்பு நின்றுபோக. எங்கள் அறையில் ஐந்து மாதம் அந்த வேலையை நான் செய்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்தச் செவிலியரைத் தனியாகச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். திருத்தி எழுதி வாசித்தது தவறு என்றும், தொடக்கத்தை நான் புரிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ராத்திரி ரவுண்டு போகும்போது வரிசை மாறவே மாறாதுக்கா. கால் தானா போகும். அந்தப் பழக்கத்தை எழுதணும்னுதான் நினைச்சேன், சரியா வரலை” என்றார். அந்த ஒரு பதிலில் கதை முழுவதும் இருந்தது. குழுவில் அதன் பின் ஒரு மாற்றம் செய்தோம்: பிரதி தரும்போது, இந்தக் கதையில் எதைச் செய்து பார்க்க நினைத்தேன் என்று எழுதியவர் ஒரு வரி எழுதித் தனித்தாளில் மடித்து வைப்பார்; நாங்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அது பிரிக்கப்படும். எங்கள் வாசிப்பு அவருடைய எண்ணத்துக்கு எவ்வளவு அருகில் போனது என்று அப்போது தெரியும். வேறொருவர் வாக்கியத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வருவதில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டாவதை முன்மொழிந்தது நான்.

திருத்திய வடிவத்தில் தொடக்கம் இன்னும் நீண்டிருந்தது. எட்டுப் படுக்கைகள் பத்தாகியிருந்தன. ஆனால் இப்போது ஒவ்வொரு படுக்கைக்கும் வாக்கியங்கள் ஒரே அமைப்பில், ஒரே வரிசையில் வந்தன: பெயர், வயது, காய்ச்சல், நாடி, சொட்டு, தூங்கும் பக்கம். நான்காவது படுக்கைக்கு வரும்போதே அடுத்து என்ன வரும் என்று மனம் முந்திக்கொள்கிறது. பத்தையும் கடந்ததும் அந்த வரிசை நமக்கும் பழக்கமாகிவிடுகிறது. பின்னிரவுச் சுற்றில் ஐந்து படுக்கைகள் அதே ஒழுங்கில் வருகின்றன. ஆறாவதில் பெயர் இல்லை, வயது இல்லை, மற்ற எதுவும் இல்லை. “மணி 2.40” என்று மட்டும் இருக்கிறது. பிறகு ஏழாவது படுக்கை, பெயரிலிருந்து தொடங்கி, தூங்கும் பக்கம் வரை. இறந்துபோனார் என்ற சொல் கதையில் எங்குமே இல்லை. நான் வெட்டச் சொன்ன அந்தப் பக்கங்கள் இல்லையென்றால் இந்த மணி 2.40 வெறும் எண்ணாக இருந்திருக்கும்.

மடித்து வைத்த தாளைப் பிரித்தபோது, “கால் நிற்காமல் போவதை எழுத நினைத்தேன்” என்று இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பிரதிகளை எழுதியவரிடமே திருப்பிக் கொடுப்பது வழக்கம். என்னுடையதை அவர் புரட்டினார். ஒரே ஒரு பென்சில் கோடு, ஆறாவது படுக்கைக்குப் பக்கத்தில். “இங்கே என்னக்கா?” என்று கேட்டார். இங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன் என்றேன். கடைசிப் பத்தியைப் பற்றித்தான் அன்று மூன்று பேர் மூன்று விதமாகக் குறை சொல்லியிருந்தார்கள். விடிந்த பிறகு கதையில் வரும் செவிலியர் வீடு திரும்பும் இடம் அது, எனக்கும் அங்கே ஏதோ குறைந்தது போலிருந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவர் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டே, “ஒரு பக்கம் முன்னாடி போய்ப் பார்க்கறேன்” என்றார்.