தடைக்காலத்து இங்கிலீஷ் நோட்டு

ராமேஸ்வரம் ஜெட்டிப் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கொச்சியில் இருந்து சரக்கு எடுக்கும் வியாபாரிக்குத் தமிழ் வராது, எனக்கு மலையாளம் வராது. அதனால் வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ்தான். மாசி மாதம் ஒருநாள், லோட் எப்போது தயார் என்று கேட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் என்று சொல்ல நினைத்து, "லோட் ரெடி டில் 5" என்று அனுப்பிவிட்டேன். ஐந்து மணி வரைதான் சரக்கு இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மதியம் ஒரு மணிக்கே லாரி வந்து நின்றது. அப்போதுதான் நாங்கள் நண்டை எடை போட ஆரம்பித்திருந்தோம். அந்த டிரைவர் நாலு மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தார். ஒரு வார்த்தையால் வந்த வினை.

"டில்" என்றால் வரை. "பை" என்றால் -க்குள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் இந்த இரண்டையும் நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அப்படியென்றால் விஷயம் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது, அதற்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்பதுதான் தெரியவில்லை. 44 வயதில் இனிமேல் படித்து வருமா என்ற பயம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. 2017-க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், ஆனால் எனக்கு அரை வேலைதான். மீதி நேரத்தில் அடிப்படை இங்கிலீஷைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் வீண். கடையில் வாங்கிய இலக்கணப் புத்தகத்தில் இருந்த வாக்கியங்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். யாரோ மாம்பழம் சாப்பிடுகிறார், யாரோ பள்ளிக்கூடம் போகிறார். காலையில் படித்தது சாயங்காலம் நிற்கவில்லை. லீவுக்குத் தங்கச்சிமடம் வந்திருந்த அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதையெல்லாம் நீங்க யாருகிட்ட சொல்லப் போறீங்க? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நீங்க என்ன பேசுறீங்களோ அதை எழுதுங்க, அதை இங்கிலீஷ்ல மாத்துவோம்" என்றாள். பழைய கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இருந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாளில் நாற்பது வாக்கியம் சேர்ந்தது. எல்லாம் மீனும் ஐசும் பணமும் வீடும்தான்.

அந்த நாற்பதில்தான் பெரிய விஷயம் ஒன்று அகப்பட்டது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு அட்வான்ஸ் வேண்டும். எனக்கு அவரைத் தெரியும். எனக்கு நெத்திலி பிடிக்கும். எனக்குப் பசிக்கிறது. பாதி வாக்கியம் "எனக்கு" என்றுதான் தொடங்கியது. "எனக்கு" என்றால் "மீ" என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில், எல்லாவற்றையும் "மீ" என்றே தொடங்கியிருந்தேன். மருமகள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு "மீ"க்கும் கீழே கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பக்கத்தில் பதினொரு கோடு. அப்புறம் பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: ஐ ஹேவ் டூ சில்ட்ரன். ஐ வாண்ட் ஆன் அட்வான்ஸ். ஐ நோ ஹிம். ஐ லைக் நெத்திலி. ஐ ஆம் ஹங்ரி.

எல்லாமே "ஐ". நமக்கு வேண்டுவது, தெரிவது, பிடிப்பது, பசிப்பது எல்லாம் "எனக்கு" என்று வரும். இங்கிலீஷில் ஆள் "நான்" என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். "இருக்கிறது" என்பதற்குப் பதிலாக "ஹேவ்" என்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். அதற்கு நேரான வினைச்சொல் தமிழில் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக என் வாயில் அது வரவில்லை என்று புரிந்தது. அப்படியானால் "மீ" எங்கே வரும் என்று கேட்டேன். "யாராவது உங்களுக்குக் கொடுத்தா, சொன்னா, அனுப்பினா அப்போ மீ வரும் மாமா. கிவ் மீ, டெல் மீ, செண்ட் மீ" என்றாள். இந்த ஒன்றுக்காக நாலு நாள் போனது. அந்த நாலு நாளைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை, என்னைப் போலத் தொடங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். நீங்கள் ஒருநாளில் எத்தனை "எனக்கு" சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், தெரியும்.

மூன்றாவது வாரம் நிகழ்காலம். "போகிறது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். வழக்கமாக நடப்பது ஒன்று, இப்போது நடந்துகொண்டிருப்பது இன்னொன்று. இதற்கு எங்கள் ஊர் கடல் முறையே நல்ல உதாரணம். இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆகவே "தி போட்ஸ் கோ ஆன் மண்டே, வெட்னஸ்டே அண்ட் சாட்டர்டே". இது வழக்கம். தடைக்காலத்தில் "தி போட்ஸ் ஆர் நாட் கோயிங் நவ்". இது இப்போதைய நிலைமை. நான் எதற்கெடுத்தாலும் "கோயிங், கமிங்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "ஐ ஆம் கமிங் டெய்லி" என்று சொல்லாமல் "ஐ கம் டெய்லி" என்று சொல்லப் பழக ஒரு வாரம் ஆயிற்று.

"ஹி கோஸ்" என்பதில் வரும் அந்த ஒற்றை "ஸ்" இன்னும் நழுவுகிறது. போகிறேன், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வால் வைத்துப் பேசுகிற நமக்கு இது சுலபமாக இருந்திருக்க வேண்டும். என்னவோ, அந்த ஒரு வாலை மட்டும் விட்டுவிடுகிறேன்.

இறந்தகாலத்துக்கு வேலையில் வரும் வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பை - பாட், செல் - சோல்ட், கேட்ச் - காட், ப்ரிங் - ப்ராட், வெய் - வெய்ட், கட் - கட், புட் - புட். ஒழுங்கே இல்லையே என்று சலித்துக்கொண்டபோது, "வா, வந்தான். நில், நின்றான். இதுல மட்டும் ஒழுங்கு இருக்கா?" என்று மருமகள் கேட்டாள். நாம் அதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல், கேட்டுக் கேட்டே பிடித்தவர்கள். அதே வழியில் போவோம் என்று, நாட்டுப்படகு மீனை எடை போடும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். "வி பாட் கிராப்ஸ். வி சோல்ட் ஸ்க்விட்." 35 வினை இப்படி ஏறிவிட்டது.

சொற்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. போட், எஞ்சின், வயர்லெஸ், டோக்கன், லோட், அட்வான்ஸ் என்று பாதி ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. ஊசிக்கணவாய் "ஸ்க்விட்", ஓட்டுக்கணவாய் "கட்டில்ஃபிஷ்", காரல் "சில்வர்பெல்லி". ஐஸை எண்ணக் கூடாது, "டூ பார்ஸ் ஆஃப் ஐஸ்" என்று பாரைத்தான் எண்ண வேண்டும். நாமும் இரண்டு பார் ஐஸ் என்றுதானே சொல்கிறோம். வத்தையில் இருந்தால் "இன்", விசைப்படகில் நின்றால் "ஆன்". உள்ளே உட்காருகிற சின்னப் படகுக்கு ஒன்று, தளத்தில் நடமாடுகிற பெரிய படகுக்கு இன்னொன்று. நம்மிடம் இருந்து போனவையும் உண்டு. கட்டுமரம்தான் "கேட்டமரான்" ஆகியிருக்கிறது. அகராதியில் அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறாவது வாரம், சொந்த ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னாள். "பாம்பன் பிரிட்ஜ் ஹேஸ் ஓபன்ட் இன் 1914" என்று எழுதினேன். கீழே கோடு. "1914-லேயே திறந்திருக்கிறார்கள்" என்று தமிழில் சொன்னால் தப்பே இல்லை. இங்கிலீஷில் வருஷத்தைச் சொல்லிவிட்டால் "ஹேஸ்", "ஹேவ்" வரக் கூடாது, முடிந்துபோன காலமாகத்தான் சொல்ல வேண்டும். அதோடு, பாலம் தானாகத் திறக்கவில்லை, திறக்கப்பட்டது. ஆகவே "வாஸ் ஓபன்ட் இன் 1914". ரோடு பாலத்துக்கு 1988, புது ரயில் பாலத்துக்கு 2025 என்று மாற்றி மாற்றி எழுதினேன். வருஷம் சொல்லாவிட்டால் "தே ஹேவ் பில்ட் எ நியூ பிரிட்ஜ்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஐந்தாவது வாக்கியம் எங்கள் அப்பத்தாவைப் பற்றியது. டிசம்பர் 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, கட்டிய சேலையோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். "மை கிராண்ட்மதர் லிவ்ட் இன் தனுஷ்கோடி டில் 1964" என்று எழுதினேன். மருமகள் இரண்டு தடவை படித்தாள். பென்சில் அதன்மேல் இறங்கவே இல்லை. அதே "டில்"தான்.

ஜூன் 15-ல் இருந்து ஜெட்டி பழையபடி ஆகிவிட்டது. திங்கள், புதன், சனி படகு கடலில் இருக்கும், மறுநாள் காலையில்தான் சரக்கு வரும் என்பதால் அந்த மூன்று நாள் சாயங்காலமும் நோட்டை எடுக்கிறேன். மருமகள் ராமநாதபுரத்துக்குக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். "தி" எங்கே வரும், எங்கே வராது என்பது இன்னும் பிடிபடவில்லை. ஒரு படகு வந்தது, அந்தப் படகு வெள்ளை என்று சொல்லும்போது "ஒரு" வருகிற இடத்தில் "எ", "அந்த" வருகிற இடத்தில் "தி" என்று வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். முக்கால்வாசி சரியாக வருகிறது.

இப்போது கேள்வி கேட்கப் பழகுகிறேன். வந்தானா, வாங்கினானா என்று நாம் கடைசியில் ஒரு "ஆ" சேர்த்தால் முடிந்தது. அவர்கள் "டிட்" என்று முன்னால் வைக்கிறார்கள், வைத்ததும் வினை பழைய உருவத்துக்குப் போய்விடுகிறது. நேற்று ராத்திரி "டிட் தி லாரி கேம்?" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து "கேம்" என்பதன் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "கம்" என்று எழுதினேன்.