புல்லட்டின் முன் ஃபோர்க்: பட்டறை நாட்குறிப்பு

பிப்ரவரி 2, ஞாயிறு

1973 மாடல் புல்லட் 350. எஞ்சின் வேலை தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி, ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ளே கொண்ட குழாய் ஜோடி. சிறிய பள்ளத்தில் விறைத்துக்கொண்டு கையை உலுக்குகிறது. பெரிய பள்ளத்தில் அடிவரை போய் இடிக்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற விழுவதுபோல் தாழ்கிறது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன வைத்தியம், "ஆயிலைக் கெட்டியாகப் போடுங்கள்." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கி எழலாம் என்பது மட்டுமே ஆயிலின் பொறுப்பு. ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால், அடுத்தடுத்து பள்ளம் வரும் சாலையில் ஃபோர்க் எழுந்து முடிப்பதற்குள் மறு அடி விழும். முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் ஓட்டமே (மேலும் கீழும் நகரும் தூரமே) இல்லாமல் நிற்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுத்தேன். உறையில்லாத ஃபோர்க் என்றால் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை மாட்டி, அது எவ்வளவு தள்ளப்படுகிறது என்று பார்த்துவிடலாம். இந்த வண்டியில் குழாயைத் தகர உறை மூடியிருக்கிறது. அதனால் சக்கர அச்சிலிருந்து, இரு குழாய்களையும் கவ்வியிருக்கும் கீழ் 'டி' (குறுக்குத் தாங்கி) வரை டேப் பிடித்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஓர் அளவு. பிறகு நான் ஏறி உட்கார, மகள் இரண்டு அளவுகள் எடுத்தாள்: முன்பக்கத்தை அழுத்தி மெல்ல எழவிட்டு ஒன்று, தூக்கி மெல்ல இறக்கி மற்றொன்று. உராய்வே இல்லாத ஃபோர்க்கில் இவை இரண்டும் ஒன்றாக இருக்கும். இங்கே வித்தியாசம் 21 மி.மீ.! உள்ளே ஏதோ பிடிக்கிறது. எந்த ஆயிலும் இதைக் குணப்படுத்தாது.

இரண்டின் சராசரிப்படி என் எடைக்கு 62 மி.மீ. அமுங்குகிறது. மொத்த ஓட்டமே 6 அங்குலம், ஏறத்தாழ 150 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் உட்கார்ந்தால்தான் பள்ளத்துக்கென்று இடம் மிஞ்சும்.

பிப்ரவரி 8, சனி

கழற்றினேன். அந்தக் காலத்து புல்லட்டில் நட்டுகள் அங்குலக் கணக்கு; மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகினால் முனை மழுங்கிவிடும். ஹெட்லைட்டையும் இரண்டு சிறு விளக்குகளையும் சுமக்கும் அந்த வார்ப்புத் தலைதான் ஃபோர்க்கின் மேல் தாங்கியும். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெடிட்ச் தொழிற்சாலை 1954-ல் கொண்டுவந்த அமைப்பு. அடுத்த ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கேயும் வந்தது. அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முழு ஃபோர்க்கும் அதில்தான் தொங்குகிறது: குழாயின் மேல் முனை மரையாக அதற்குள் ஏறுகிறது. கீழ் 'டி'யின் இறுக்குபோல்ட்டைத் தளர்த்திவிட்டு, குழாயையே திருகி இறக்க வேண்டும்.

வலப்பக்க ஆயில் கறுத்திருந்தது, ஆனால் அளவு இருந்தது. இடப்பக்கத்திலிருந்து வந்தது அதில் பாதிகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளித் துகள்கள் மின்னின.

இடப்பக்கக் குழாயை ஜன்னல் கண்ணாடிமேல் உருட்டினேன். ஓரிடத்தில் அடியில் வெளிச்சம் தெரிந்தது, அரைச் சுற்றில் மறைந்தது. லேத் பட்டறையில் டயல் கேஜ் (நுண்ணிய வளைவை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்த்ததில் வளைவு உறுதியானது. "நிமிர்த்தித் தருகிறேன் தம்பி, பல பேருக்குச் செய்திருக்கிறேன்" என்றார் பட்டறைக்கார அண்ணன். அவர் கைவேலையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் முன்சக்கரத்தைத் தாங்கும் குழாயில் ஒருமுறை வளைந்த இரும்பை நம்ப மனம் ஒப்பவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடைகள் விடுமுறை. கழுவித் துடைக்கும் வேலை மட்டும்.

பிப்ரவரி 15, சனி

சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் குழாய் ஜோடி, புஷ் (குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்), ஆயில் சீல், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) எல்லாம் கிடைத்தன. முதல் கடையில் நீட்டிய சீலின் உதட்டில் நகத்தால் தடவினாலே பிசிறு தட்டியது. வேண்டாமென்று அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

பழைய கோன் செட்டின் கிண்ணத்தில் குண்டுகள் பதித்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. நேராகப் போகும்போது ஹேண்டில் பார் நடுவில் சொக்கி நின்றதற்குக் காரணம் இதுதான். புதிதில் கால் அங்குலக் குண்டுகள், மேலே 19, கீழே 19. கிரீசில் பதித்து வைத்தேன். முன்சக்கரம் தரையில் படாதபோது ஒரு விரலால் தொட்டால் ஹேண்டில் தானே பக்கவாட்டில் விழ வேண்டும். ஃபோர்க்கின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் துளி ஆட்டமும் கூடாது. இரண்டும் சேர்ந்து அமையும் இறுக்கம் மிகச் சிறிய எல்லைக்குள்தான் கிடைக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே நீளம், துரு இல்லை. மாற்றவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் லேத்தில் கடைந்த 15 மி.மீ. வளையம் வைத்தேன். இதனால் ஸ்பிரிங் கடினமாகாது. உட்காரும் உயரம் மட்டும் மாறும். வைப்பதற்கு முன் ஸ்பிரிங் சுற்றுகளின் இடைவெளிகளைக் கூட்டிப் பார்ப்பது கட்டாயம். ஓட்டம், ஏற்கெனவே உள்ள அழுத்தம், புது வளையம் மூன்றும் சேர்ந்த தூரத்தைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பள்ளத்தில் சுற்றோடு சுற்று முட்டிக்கொள்ளும்.

ஆயில் இரு பக்கமும் அளவுக் குடுவையில் ஊற்றிச் சமமாக. இரண்டுக்கும் ஒரே கம்பெனி டப்பா, ஏனென்றால் மேலே போட்டிருக்கும் எண் ஒன்றாக இருந்தாலும் பாகுத்தன்மை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

சக்கரத்தை மாட்டும்போது பிரேக் பக்கத்து மூடியை மட்டும் முதலில் இறுக்கினேன். மறுபக்கம் தளர்வாகவே இருக்க, ஃபோர்க்கை நன்றாக அமுக்கி அமுக்கி விட்டேன். இரு கால்களும் தமக்கு வேண்டிய இடைவெளியில் வந்து நின்ற பிறகே மற்ற நட்டுகள். பல பட்டறைகளில் இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கிறார்கள். பிறகு புது புஷ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று கேட்கிறார்கள்.

மறுபடி டேப். வித்தியாசம் 21-லிருந்து 7. என் எடைக்கு அமுங்குவது 48 மி.மீ.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலை. கண்டெய்னர் லாரிகள் அலை அலையாக்கிய சாலை. இந்த வண்டியைச் செய்த திருவொற்றியூரும் அதே சாலையில்தான். ஒட்டுப்போட்ட தார் விளிம்புகளில் சக்கரம் ஏறி இறங்குவது தெரிகிறது, கைக்கு வந்து சேர்வதில்லை. தொடர் பள்ளங்களில் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறது. பிரேக்கில் இன்னும் தாழ்கிறது, ஆனால் நிதானமாக. அந்த அளவு தாழ்வது இந்த ஃபோர்க்கின் இயல்பு.

திரும்பி வந்து சீல்களைத் துணியால் துடைத்தேன். கசிவு இல்லை. புது புஷ் தேய்ந்து படியும்போது துகள் விடும் என்பதால் 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை வடித்து மாற்ற வேண்டும். அதற்குள் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிடுவேன்.