ஒன்பதுக்கும் ‘பி’க்கும் நடுவே பதினோரு நாள்

நான் முதலில் வேலை செய்த கார் சிப்பில் மொத்தம் 11 கிலோபைட் ராம்தான். 2012-ஆம் வருஷம், சென்னையில் காருக்கான மின்னணுப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த புதிது. ஃப்ரீஸ்கேலின் எஸ்12 குடும்பத்துச் சிப். 16 பிட், 25 மெகாஹெர்ட்ஸ், நிரலைச் சேமித்துவைக்க 240 கிலோபைட் ஃபிளாஷ். இண்டிகேட்டர், வைப்பர், கதவுப் பூட்டு, உள்விளக்கு எல்லாவற்றையும் அந்த ஒரு சிப்பே பார்த்துக்கொண்டது. 5 மில்லிசெகண்டுக்கு ஒரு வேலை, 10-க்கு ஒரு வேலை, 100-க்கு ஒரு வேலை என்று வரிசையாக ஓடும். எந்த மாறியில், அதாவது நிரல் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் இடத்தில், எந்த நேரத்தில் என்ன இருக்கும் என்று பேப்பரில் எழுதிக் காட்டலாம். எழுதியும் காட்டியிருக்கிறேன். ஒரு மாறிக்கு ஒரு நேரத்தில் ஒரு மதிப்புதான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்குள் ஊறியது அங்கேதான். ஒன்பது வருஷம் கழித்து அந்த நம்பிக்கையை விட வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

2021-இல் கேட்வே குழுவுக்கு மாறினேன். காருக்குள் பல கேன் பஸ்கள், அதாவது மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பிவழிகள், ஓடுகின்றன: பிரேக்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, கதவு, விளக்குகளுக்கு ஒன்று என்று. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் முறையில் ஒரு செய்திக்கு 8 பைட்தான். 2012-இல் வந்த கேன் எஃப்டி அதை 64 பைட்டாக்கியது. இந்த பஸ்களெல்லாம் சந்திக்கிற இடம் கேட்வே. ஒரு பக்கத்திலிருந்து வரும் செய்தியை வாங்கி, சரிபார்த்து, தேவையான இன்னொரு பக்கத்துக்கு அனுப்பும். அதன் மறுபுறம் ஈதர்நெட் வழியாக சிம் கார்டு உள்ள டெலிமேட்டிக்ஸ் பெட்டி. அதாவது பிரேக்கும் இன்டர்நெட்டும் ஒரே பெட்டிக்குள் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் அது.

எங்களுக்குக் கிடைத்த சிப் இன்ஃபினியானின் ஆரிக்ஸ் டிசி397. ஆறு ட்ரைகோர் கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக நிரலை ஓட்டும் ஆறு மூளைகள், ஒவ்வொன்றும் 300 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாபைட் ஃபிளாஷ், 12 கேன் எஃப்டி முனைகள், ஜிகாபிட் ஈதர்நெட். 300 மெகாஹெர்ட்ஸ் என்பது கைபேசிச் சிப்புக்குப் பக்கத்தில் சின்ன எண்தான். ஆனால் கைபேசியில் ஒரு திரை அரை நொடி தாமதமாகத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒரு செய்தி 2 மில்லிசெகண்டுக்குள் அடுத்த பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தால், மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்த காரிலும் அது போயாக வேண்டும். அதனால்தான் கார் சிப்புகளை மைனஸ் 40-லிருந்து 125 டிகிரி வரை சோதித்துத் தேர்ச்சி கொடுக்கிறார்கள். அதனால்தான் நிரலும் வெளியே தனி நினைவகத்தில் இல்லாமல் சிப்புக்குள்ளேயே, ஃபிளாஷிலிருந்தே ஓடுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் உயர்திறன் என்பதற்கு முதல் அர்த்தம் சொன்ன நேரத்துக்கு வருவது. வேகம் அதற்கு அடுத்ததுதான்.

இந்தச் சிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது லாக்ஸ்டெப். ஆறில் நான்கு கோர்களுக்குப் பின்னால் தலா ஒரு நிழல் கோர் இருக்கிறது. முதல் கோர் செய்யும் அதே கணக்கை நிழலும் சற்றுப் பின்தங்கிச் செய்யும். இரண்டு விடையையும் ஒரு சுற்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு டிரான்சிஸ்டர் பழுதாகி ஒரு பிட் புரண்டால்கூட அந்தக் கணமே தெரிந்துவிடும். பிரேக், ஸ்டீயரிங் மாதிரி இடங்களில் கார் மின்னணுவுக்கான பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 கேட்கும் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையான ஏசில் டி-யை எட்ட இது பெரிய துணை. முதல் முறை அந்த மேனுவலைப் படித்தபோது, யாரோ முகம் தெரியாத பயணிக்காக ஒரு முழு கோரையே காவலுக்கு வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கேட்வேயில் வேலையை கோர்களுக்குப் பிரித்திருந்தோம். கோர் 1 கேன் செய்திகளை வாங்கும். கோர் 2 ஈதர்நெட்டையும், கம்பியில்லாமல் காற்றுவழி வரும் மென்பொருள் புதுப்பிப்பையும் பார்க்கும். புதுப்பிப்பை நிறுவலாமா என்று முடிவு செய்ய கோர் 2-க்குச் சில நிபந்தனைகள் உண்டு. முதல் நிபந்தனை: வண்டி நின்றுகொண்டிருக்க வேண்டும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை கோர் 1 பிரேக் பஸ்ஸிலிருந்து கணக்கிட்டு, இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் எழுதி வைக்கும். கோர் 2 அதைப் படிக்கும். இரண்டு கோருக்கு இடையே தகவல் கடத்த, கார் மென்பொருளுக்கான பொதுத் தரமான ஆட்டோசாரில் முறையான வழி இருக்கிறது. அது எங்கள் அளவீட்டில் கொஞ்சம் மெதுவாக இருந்ததால் நேரடியாகப் பொது நினைவகத்தில் எழுதிப் படிக்கலாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. படிக்கும் பக்கத்து நிரலை எழுதியதும் நான்தான்.

ஒரு இரவு, சோதனை மேஜையில், அதாவது கார் இல்லாமல் கணினியே காரைப் போல் சிக்னல் கொடுக்கும் ரிக்கில், நீண்ட ஓட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பதிவைப் பார்த்தால், ரிக்கின் ‘கார்’ 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கேட்வே நிறுவல் கட்டளையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கதவு, விளக்குகளைப் பார்க்கும் பெட்டியை நிரலேற்றும் நிலைக்குப் போகச் சொல்லியிருக்கிறது. நிஜ வண்டியாக இருந்திருந்தால் இரவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகப்பு விளக்கின் கட்டுப்பாடு போயிருக்கும். அந்த வரியைப் படித்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது.

மறுபடி வரவழைக்கப் பார்த்தோம். வரவில்லை. மூன்று இரவு கழித்து ஒருமுறை வந்தது. அப்புறம் டீபக்கரை, அதாவது ஓடும் சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியை, மாட்டி, அது நடக்கும் கணத்தில் நிறுத்தும்படி வைத்துக் காத்திருந்தோம். ஒருவழியாக நின்றது. பொது நினைவகத்தைத் திறந்து பார்த்தேன். ‘வண்டி ஓடுகிறது’ என்று தெளிவாக 1 இருந்தது. ஆனால் கோர் 2 எடுத்த முடிவு ‘நிற்கிறது’ என்ற 0-ஐ வைத்து. இல்லாத மதிப்பை வைத்து ஒரு கோர் எப்படி முடிவெடுக்கும்? நாங்கள் எழுதும் நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரைச் சந்தேகப்பட்டேன். இயந்திர மொழி வரை இறங்கி ஒவ்வொரு கட்டளையாகப் படித்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. சிப்பையே மாற்றிப் பார்த்தோம். அதே கதை.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது நாள் மாலை அவர் என் மேஜைக்கு வந்து, திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, கோர் 1 எழுதுற அட்ரஸ் எதுல ஆரம்பிக்குது?”

“பி-லண்ணா.”

“நீ படிக்கிறது?”

பார்த்தேன். “ஒன்பதுலண்ணா. ஆனா ரெண்டும் ஒரே மெமரிதானே?”

“ஒரே மெமரிதான். ஒரே வழியான்னு மேனுவலை எடுத்துப் படிச்சிட்டு வா.”

அன்று இரவு படித்தேன். அந்தப் பொது நினைவகத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. முகவரிகளைப் பதினாறு அடிமான எண்களில் எழுதுவதால் 9-க்குப் பிறகு ஏ, பி என்று எழுத்துகளும் இலக்கங்களாக வரும். 9-இல் தொடங்கும் முகவரி வழியாகப் போனால் கோர் தன் கேஷைப் பயன்படுத்தும். பி-யில் தொடங்கும் முகவரி வழியாகப் போனால் கேஷைத் தொடாமல் நேரே நினைவகத்துக்குப் போகும். ஒரே அறைக்கு இரண்டு வாசல். கேஷ் என்பது கோர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் குறிப்புச்சீட்டு மாதிரி. ஒவ்வொரு முறையும் தூரத்திலிருக்கும் நினைவகத்துக்குப் போய்வராமல், ஒருமுறை பார்த்ததைச் சீட்டில் எழுதிவைத்து அதிலிருந்தே படிக்கும். மேஜைக் கணினிச் சிப்புகளில் ஒரு கோர் மதிப்பை மாற்றினால் மற்ற கோர்களின் சீட்டும் தானாகச் செல்லாததாகிவிடும். இந்தச் சிப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. அது குறையல்ல. நேரத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டிய இடத்தில் அப்படிப்பட்ட திரைமறைவுப் போக்குவரத்து கணக்கைக் குழப்பும் என்பதால், எதைப் பகிர்வது, எப்படிப் பகிர்வது என்ற பொறுப்பு நிரல் எழுதுபவரிடம் விடப்பட்டிருக்கிறது. மேனுவல் அதைத் தெளிவாகவே சொல்கிறது. இன்னொரு திட்டத்திலிருந்து கொண்டுவந்த முகவரிக் கோப்பில் 9 இருந்ததை நான் அப்படியே எடுத்துக்கொண்டதுதான் தவறு.

பதினோராவது நாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. டீபக்கர் கோர் வழியாகப் போகாமல் பஸ் வழியாக நேரே நினைவகத்தைப் படிக்கிறது. அதனால் எனக்கு 1 தெரிந்தது. கோர் தன் சீட்டிலிருந்த பழைய 0-ஐப் படித்தது. சாதாரணமாக இது ஏன் வெளிப்படவில்லை? கோர் 2-இன் டேட்டா கேஷ் 16 கிலோபைட்தான். ஈதர்நெட்டில் பதிவுத் தகவல் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பழைய சீட்டு சீக்கிரமே வெளியே தள்ளப்பட்டு, புது மதிப்பு உள்ளே வந்துவிடும். தவறு சில மில்லிசெகண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்காது. அந்த இரவுகளில் மட்டும் கோப்பு பெரிதாகிறது என்று பதிவு ஓட்டத்தை நாங்கள் நிறுத்தி வைத்திருந்தோம். புதுப்பிப்புத் தொகுப்பும் முன்னாலேயே இறங்கி முடிந்திருந்தது. போக்குவரத்து இல்லாததால் சீட்டை யாரும் வெளியே தள்ளவில்லை. கார் கிளம்புவதற்கு முன் படித்த 0 அப்படியே உட்கார்ந்திருந்தது. அமைதியான சாலையில்தான் விபத்து காத்திருந்தது.

லாக்ஸ்டெப் ஏன் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவில்லை என்று சில நாள் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் எளிது. முதல் கோரும் நிழல் கோரும் அதே பழைய 0-ஐத்தான் படித்தன. இரண்டும் ஒரே விடைக்கு வந்தன, ஒத்துப்போயின. சிலிக்கான் பழுதாவதிலிருந்து அது நம்மைக் காப்பாற்றும். நாம் கொடுத்த தவறான கேள்வியை இரண்டு முறை சரியாகக் கணக்கிட்டுத்தான் தரும்.

9-ஐ பி-யாக மாற்றினால் வேலை முடிந்திருக்கும், ஐந்து நிமிஷம். அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. நினைவகக் காவல் அமைப்பில் பொதுப் பகுதியின் 9 வாசலையே எல்லா கோர்களுக்கும் அடைத்தோம். இனி யாராவது அந்த வழியாகப் போனால் அந்தக் கணமே சிப் பிழை எழுப்பி நிற்கும். பொது மதிப்பு ஒவ்வொன்றுடனும் ஓர் எண்ணியைச் சேர்த்தோம். எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதைக் கூட்ட வேண்டும், படிப்பவர் அது நகரவில்லை என்று கண்டால் மதிப்பை நம்பக் கூடாது. கேன் செய்திகளுக்குப் பல வருஷமாக இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஒரே சிப்புக்குள் இருப்பவர்களுக்கு எதற்கு என்று நினைத்திருந்தோம். இரண்டு கோர்கள் என்றால் அவை ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டு பெட்டிகள்தான்.

அந்த 2021-ஆம் வருஷத்தில் சிப் பொருத்திய ஒவ்வொரு போர்டும் தங்கம் மாதிரி. பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் மின்சாரம் போய் ஆஸ்டினில் இன்ஃபினியான், என்எக்ஸ்பி ஆலைகள் நின்றன. மார்ச் 19-ஆம் தேதி ஜப்பானில் ரெனெசாஸின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. உலகம் முழுக்கக் கார் ஆலைகள் சிப்புக்காகக் காத்திருந்த காலம். அப்போதுதான் சிப்பின் பாதுகாப்புப் பகுதியை முடுக்கும் வேலையும் எங்களிடம் இருந்தது. அது சிப்புக்குள்ளேயே தனியாக இருக்கும் ஒரு சிறிய கோர், பெயர் கார்டெக்ஸ் எம்3. மறையாக்கச் சாவிகளை வைத்திருக்கும், டிஜிட்டல் கையெழுத்தில்லாத நிரலை ஓடவிடாது. அதற்கான அமைப்புப் பகுதியில் தவறாக எழுதிவிட்டால் சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க வழியில்லை. ஒரு போர்டை அப்படி இழந்தோம். அன்றிலிருந்து அந்தப் பகுதியில் எழுதும்போது இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்த பிறகுதான் பொத்தானைத் தொடுவோம்.

இந்தப் பூட்டு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்கும்போது 2015-இல் நடந்த ஜீப் சம்பவத்தைச் சொல்வேன். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கைபேசி வலையமைப்பு வழியாக ஒரு ஜீப் செரோக்கியின் பொழுதுபோக்குப் பெட்டிக்குள் நுழைந்தார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கேன் பஸ்ஸுக்குப் பேசும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று நடுவில் இருந்தது. அதன் நிரல் கையெழுத்துச் சரிபார்ப்பு இல்லாமல் மாற்றக் கூடியதாக இருந்தது. அதை மாற்றி எழுதி, தூரத்திலிருந்தே ஸ்டீயரிங், பிரேக் வரை கை நீட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நடுவில் நின்ற அந்தச் சின்னச் சிப்தான் இன்றைய கேட்வேயின் இடம். பின்னால் வந்த ஐநா விதி 155 ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புது வண்டிகளுக்கும் இணையப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. எங்களிடம் வரும் வேலைகளில் அது பக்கம் பக்கமாகத் தெரிகிறது.

இப்போது எங்கள் குழு அடுத்த தலைமுறையான டிசி4எக்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 500 மெகாஹெர்ட்ஸ், ஒரே கோரில் பல மென்பொருள்களைச் சுவர் வைத்துப் பிரித்து ஓட்டும் வசதி. முன்பு நாலைந்து பெட்டிகள் செய்த வேலை ஒன்றுக்குள் வரப்போகிறது. இந்த முறை ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன் ஓர் அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறோம். ஒவ்வொரு பொது மதிப்புக்கும் ஒரு வரிசை: எழுதுபவர் யார், ஒரே ஒருவர்தான், படிப்பவர்கள் யார் யார், எந்த வாசல் வழியாக, எவ்வளவு நேரம் பழசானால் தூக்கிப்போட வேண்டும். ‘வண்டி ஓடுகிறது’ என்ற மதிப்பு முதல் வரிசையில் இருக்கிறது. எழுதுபவர் கட்டம் இன்னும் பதினான்கு வரிசைகளில் காலி. திங்கட்கிழமை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பேச வேண்டும்.